தெருவைப் பார்த்த பூட்ஸ்

ஜப்பான்காரன் கொரியாவை ஆண்ட காலம். டோக்கியோவில் வேலை பார்த்த இன்ஷிக், வெகுநாள் கழித்து அம்மா வீட்டுக்கு வந்தான். படிக்கல்லில் பூட்ஸைக் கழற்றி, அங்கே பழகியபடி தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனான்.

பக்கத்தில் கிடந்த அம்மாவின் ரப்பர் செருப்புக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்ன தம்பி, வந்ததும் வராததுமா கிளம்புறீங்களா?"

"ஐயோ, இல்லீங்க. அங்கே இதுதான் மரியாதை" என்றது பூட்ஸ்.

"இங்கே வீட்டைப் பார்த்து நின்னாத்தான் தங்க வந்தவங்கன்னு அர்த்தம். அங்கேயாவது உங்களை மதிக்கிறாங்களா?"

பூட்ஸ் குரலைத் தாழ்த்தியது. "எப்படி நின்னாலும், கொரியாக்காரன் பூட்ஸுன்னு குப்பைத்தொட்டிப் பக்கம் தள்ளிடுவாங்க."

அந்த நேரம் பார்த்து அம்மா வாசலுக்கு வந்தாள். பூட்ஸைப் பார்த்தாள். திரும்பி நிற்கத் துடித்தது பூட்ஸ். கால் இல்லாமல் எப்படித் திரும்பும்?

"இருக்க வரலை போல" என்று முணுமுணுத்தபடி போய், அவனுக்காக வைத்திருந்த உலையை இறக்கி அடுப்பை அணைத்துவிட்டாள்.

உள்ளே பசியோடு காத்திருந்தான் இன்ஷிக். அடுப்பு அணைந்த வாசம் வந்தது. "ஒருவாய் சோறு போடக்கூட மனசில்லாம போச்சா" என்று அவன் முனகியது பூட்ஸுக்குக் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் கிளம்பி வெளியே வந்தான். பூட்ஸைத் திருப்பும் வேலைகூட இல்லை. கால் நேராக பூட்ஸுக்குள் போய்விட்டது.