இருபத்திரண்டு மணி நேரம்

“பரணி வரட்டும். அவன் முகத்தைப் பார்க்காம நான் ஆபரேஷனுக்கு வரமாட்டேன்.”

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் வயிற்றைப் பிடித்தபடி முனகிய சதாசிவம், கையெழுத்துப் போடவேண்டிய தாளைத் தள்ளிவிட்டார். மனைவி சகுந்தலா அதை மறுபடியும் அவர் கையில் திணித்தாள். குடலில் ஓட்டை விழுந்திருக்கிறது, ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் இப்போதுதான் சொல்லிவிட்டுப் போனார். மகனோ டொரான்டோவில்.

“ஏங்க, விளையாடுற நேரமா இது? அவன் கனடாவுல இருக்கான்!”

“போன் போடு.”

போட்டாள். அங்கே நடுராத்திரி. ஆனாலும் பிள்ளை முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். பாவம், விஷயம் தெரிந்ததிலிருந்து கண்ணே மூடவில்லை போலிருக்கிறது. ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

“அப்பா, சின்னப்பிள்ளை மாதிரி பண்ணாதீங்க. கையெழுத்துப் போடுங்கப்பா.”

“நீ வா. போடுறேன்.”

“பதிமூவாயிரம் கிலோமீட்டர்ப்பா! டில்லிக்கே பதினாலு மணி நேரம். அங்க காத்துக்கிடந்து, சென்னைக்கு இன்னொரு மூணு மணி நேரம். எப்படிப் பார்த்தாலும் இருபத்திரண்டு மணி நேரம் ஆகும்.”

“ஆகட்டும். நான் காத்திருக்கேன்.”

“அதுவரைக்கும் நீங்க...” மேலே பேசமுடியாமல் பரணிதரன் விசும்பினான். போன் கட்டாகிவிட்டது.

சகுந்தலா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். முப்பத்தாறு வருடம் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் மில்லிமீட்டர் பிசகாமல் அளந்து வேலை பார்த்த மனுஷன்! ஒன்றரை மணி நேரத்துக்கும் இருபத்திரண்டு மணி நேரத்துக்கும் வித்தியாசம் தெரியாதா? ஒருவேளை வலியில் புத்தி பேதலித்துவிட்டதோ?

நர்ஸ் தமிழ்ச்செல்வி எட்டிப் பார்த்தாள். “இன்னாம்மா, இன்னும் கையெழுத்து வாங்கலியா? டாக்டர் கத்திகினு கீறாரு. லேட்டானா உசுருக்கே ஆபத்தும்மா.”

“நான் போடுறேன், குடும்மா!”

“பேஷண்ட்டு நல்லா நினைவோட வேணாம்னு சொல்றாரே. அவரு ஒத்துக்காம நாங்க இன்னா பண்றது?”

சகுந்தலா கணவரின் காலைப் பிடித்துக்கொண்டாள். “எனக்காகப் போடுங்க. உங்களை விட்டா எனக்கு யாருங்க இருக்கா?”

“மணி என்ன?”

“ஒன்பதே முக்கால்.”

“ம்” என்று கண்ணை மூடிக்கொண்டார். உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. நெற்றி வியர்வையைத் துடைக்கத் துடைக்க மறுபடியும் பூத்தது. பாழாய்ப்போன வெளிநாடு! ஒரே பிள்ளையை உலகத்தின் அந்தக் கோடிக்கு அனுப்பிவிட்டு இப்படித் தனியாகத் தவிக்கிறேனே என்று வாய்விட்டே அழுதாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் மணி கேட்டார். ஒவ்வொரு முறையும் குரல் இன்னும் தேய்ந்திருந்தது. பத்து இருபதுக்கு அது வெறும் முணுமுணுப்பாகிவிட்டது.

கதவு படாரென்று திறந்தது. சகுந்தலா திரும்பிப் பார்த்தாள்.

கையில் ஹெல்மெட்டோடு, மூச்சு வாங்க வாசலில் நின்றான் பரணிதரன்.

சதாசிவம் மெல்லக் கண்ணைத் திறந்து, பேனாவுக்காக மனைவியிடம் கையை நீட்டினார்.

“வேலை போனா என்னடா, வீடு இல்லையா உனக்கு? இதோ பக்கத்துல திருப்போரூர்ல மனை வித்துக்கிட்டு, எட்டு மாசமா ஏன்டா கனடாவுலேர்ந்து பேசினே?”