நடுவில் இருந்த கிளிப்

ஒரு மேஜையில் பொம்மை ரயில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு தண்டவாளங்கள். ஒருத்தி சிவப்பு ஒயர்க்காரி, இன்னொருத்தி கறுப்பு ஒயர்க்காரி. ஓரகத்திகள் மாதிரி எப்போதும் இரண்டு விரல்கடை தள்ளியேதான் போவார்கள். ஆனால் பாதை வட்டமடித்துத் தன்னோடு வந்து சேரும் இடத்தில் இருவருக்கும் மூக்கோடு மூக்கு இடித்தது. அங்கே நடுவில் ஒரு பிளாஸ்டிக் கிளிப். மின்சாரம் ஒரு சொட்டுகூட அவனைத் தாண்டாது.

"அவ என்னைப் பத்தி என்னடா சொன்னா?" என்று சிவப்பு தினமும் அவனை நோண்டுவாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலக்கா."

"அழுத்தக்காரன்!" என்று பக்கத்துப் பித்தளை கிளிப் சிரிப்பான். "இந்தக் காதுல கேட்டதை அந்தக் காதுக்கே சொல்லமாட்டான். நான் மட்டும் அங்க இருந்தா ஒண்ணு விடாம சொல்லியிருப்பேன்."

ஒருநாள் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கழற்றித் தூசி தட்டினார். திரும்ப மாட்டும்போது கிளிப்புகளை இடம் மாற்றி, நடுவில் பித்தளையைப் போட்டுவிட்டார். சுவிட்சைப் போட்டதும் பித்தளை ஆசை தீர வாயைத் திறந்தான். படார்! ஒரே பொறி, கருகல் வாடை. ரயில் குகைக்குள் பாதியில் நின்றுவிட்டது.

பிளாஸ்டிக் கிளிப் மறுபடி தன் இடத்துக்கு வந்தான். பித்தளை கருகிய வாயோடு கப்சிப்.

சிவப்பு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "டேய், அவளுக்கு ஒண்ணும் ஆகலையே?"

அந்தப் பக்கமிருந்து கறுப்பும் இப்போதுதான் இதையே கேட்டிருந்தாள். பிளாஸ்டிக் கிளிப்புக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"ரயில் வருதுக்கா, ஆடாம இருங்க" என்றான்.