அனுபியாஸ்

செல்வின் காணாமல் போன அன்று, அவனுடைய மீன்தொட்டியில் இருந்த அனுபியாஸ் செடிக்கு நான்கே இலைகள். மண்ணில் புதைத்தால் அழுகிவிடும் என்று அதை ஒரு மரக்கட்டையின்மேல் கட்டி வைத்திருந்தான். மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. செடி மட்டும் மாதத்துக்கு ஓர் இலை விட்டது. அவன் அம்மா ஜெபமணி வாரந்தோறும் தண்ணீர் மாற்றி, இலைகளில் படிந்த பாசியைக் கட்டைவிரலால் துடைத்தாள். ஒவ்வொரு புது இலை விரியும்போதும், மகன் எங்கோ உயிரோடு இருக்கிறான் என்று நம்பினாள். அப்படிப் பதினாறு இலைகள்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருந்த அவள் கணவர் தங்கையா மதியம் திரும்பினார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“பாழுங்கிணத்துல எடுத்த எலும்பு நம்ம செல்வினோடதுதானாம்ளா. வீட்டவிட்டுப் போன அன்னைக்கே விழுந்திருக்கான்ங்காவ.”

ஜெபமணி அழவில்லை. நேராகத் தொட்டிக்குப் போய், முழங்கைவரை கையை விட்டுச் செடியைப் பிடித்து இழுத்தாள். இலைகள் கிழிந்தன. வேர்கள் கட்டையை விடவில்லை.

“எம்புள்ள அன்னைக்கே போயிட்டானே, பெறவு இது யாருக்குங்க வளந்துச்சு?”

தங்கையா அவளைத் தடுக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்று, சட்டைக் கையோடு தண்ணீரில் கையை விட்டு, அவரும் இழுத்தார்.