பழைய ரப்பர்

"புது ரப்பர்னு சொல்லிட்டு பழசையே மாட்டி அனுப்பிட்டேன் தம்பி. தப்பு என்னோடதுதான்."

மாமா சொல்லி வாயை மூடலை, படகுக்காரர் அவர் கன்னத்துல ஓங்கி ஓர் அறை விட்டார்.

எனக்கு ரத்தம் கொதிச்சுது. கையில ஸ்பேனர் வேற இருந்தது. "மாப்ளே, சும்மா இரு" என்றார் மாமா. அக்கா புருஷன், அதுக்கு மேல பட்டறை முதலாளி. சும்மா இருக்காம நான் என்ன செய்ய?

ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அந்த ரப்பரை மாட்டினது மாமா இல்லை, நான். கவரைப் பிரிச்சு என் கையால மாட்டின புத்தம் புது ரப்பர். பம்ப்புக்குள்ள சுத்துற சின்னச் சக்கரம் அது. படகுக்கு அடியிலிருந்து தண்ணியை இழுத்து எஞ்சினைச் சூடாகாமப் பார்த்துக்கறது அதோட வேலை. பட்டறையில டிரம் நிறையத் தண்ணி வெச்சு, அரை நாள் ஓடவிட்டுப் பார்த்தோம். கையை வெச்சா சுடவே இல்லை.

அதுக்கப்புறம்தான் மாமா எஞ்சினைக் கொண்டு போய், கரையில ஏத்தி வெச்சிருந்த படகுல பூட்டிட்டு வந்தார். மறுநாள் காலையில தண்ணியில இறக்கி ஓட்டிப் பார்க்கறதா பேச்சு. விதி யாரை விட்டது? அன்னிக்குச் சாயங்காலமே படகுக்காரர் சம்சாரத்துக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி அக்கரையில. அந்த நேரத்துல மனுஷன் எதைச் சரிபார்ப்பார்? படகைத் தள்ளி இறக்கி, அந்தம்மாவைப் படுக்க வெச்சுக் கிளம்பிட்டார்.

பாதி வழியில எஞ்சின் கொதிச்சு நின்னுடுச்சு. துடுப்பு போட்டுத்தான் போய்ச் சேர்ந்திருக்கார். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா"ன்னு டாக்டர் சொன்னாராம். அந்த டாக்டர் அதைச் சொல்லாம இருந்திருக்கலாம்.

அடக்கமெல்லாம் முடிஞ்சு இன்னிக்குத்தான் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். சண்டைதான்னு நினைச்சு நான் கொஞ்சம் விறைப்பாவே வந்தேன். ஆனா மனுஷன் சத்தமே போடலை. கண்ணு ரெண்டும் உள்ளே போய், சட்டைப் பட்டனை மாத்திப் போட்டுக்கிட்டு நின்னார்.

"அண்ணே, நான்தான் ஏதோ பண்ணிட்டேன்னு தோணுது. பதட்டத்துல ரொம்ப விரட்டிட்டேனா? எதையாவது திறக்க மறந்துட்டேனா? பார்த்துச் சொல்லிடுண்ணே."

"இருப்பா, முதல்ல பார்க்கறேன்."

"நான்தான்னா மறைக்காம சொல்லிடு. நானும் அவகூடவே போய்ச் சேர்ந்துடறேன்."

அவர் மக பக்கத்துல நின்னு அப்பா கையைக் கெட்டியாப் பிடிச்சிருந்தா. "இதையேதான் சொல்லிக்கிட்டிருக்கார் பெரியப்பா. பச்சைத் தண்ணி கூடக் குடிக்க மாட்டேங்கறார். ஒரு நிமிஷம் தனியா விட பயமா இருக்கு" என்றாள்.

மாமா பம்ப்பைத் திறந்தார். ரப்பர் கருகிப் பிஞ்சு கிடந்தது. அதை உள்ளங்கையில வெச்சுக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் டார்ச்சை எடுத்துக்கிட்டு, மறுபடியும் கரையில ஏத்தி முட்டுக் கொடுத்திருந்த படகுக்கு அடியில மல்லாந்து படுத்தபடி நுழைஞ்சார். நானும் குனிஞ்சேன். "நீ வராதே"ன்னுட்டார். உள்ளேயிருந்து எதையோ சுரண்டற சத்தம் வந்துக்கிட்டே இருந்தது.

வெளியே வந்தவர் நேரா அந்தக் கருகின ரப்பரை நீட்டி, பழசுன்னு சொன்னார். அதுக்குத்தான் அந்த அறை.

"பாவி, உன்னை நம்பித்தானேடா அவளை ஏத்திக்கிட்டுப் போனேன்."

சொல்லிட்டு அப்படியே தரையில உட்கார்ந்து அழ ஆரம்பிச்சார் படகுக்காரர். அதுவரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையாம் மனுஷன். மாமாவை வாய்க்கு வந்தபடி திட்டினார், அழுதார், மறுபடியும் திட்டினார். மக சொம்பை நீட்டினா. வாங்கி மடமடன்னு குடிச்சார். குடிச்சிட்டும் திட்டினார். மாமா தலையைக் குனிஞ்சுக்கிட்டு எல்லாத்தையும் வாங்கிக்கிட்டார்.

கரையில கூட்டம் கூடிடுச்சு. கெட்ட செய்திக்குக் காலா இல்லை? நாங்க பட்டறை வந்து சேரும்போதே, ரிப்பேருக்கு விட்டிருந்த எஞ்சினைத் திருப்பி எடுத்துட்டுப் போக ரெண்டு பேர் வாசல்ல நின்னாங்க. ஒருத்தர் மாமா முகத்தைக்கூடப் பார்க்கலை.

அவங்க போனதும் நான் பிடிச்சுக்கிட்டேன்.

"உங்களுக்கென்ன பைத்தியமா மாமா? செய்யாத திருட்டுக்குப் பட்டம் கட்டிக்கிட்டு வந்திருக்கீங்க. அக்கா கேட்டா என்ன சொல்லுவீங்க? இனிமே எவன் இந்தப் பட்டறைப் படி ஏறுவான்?"

மாமா மண்ணெண்ணெயில துணியை நனைச்சு நகக்கண்ணைத் துடைச்சுக்கிட்டிருந்தார்.

"ரப்பர் புதுசுதான் மாப்ளே. நீ நல்லாத்தான் மாட்டியிருக்கே."

"அப்புறம் ஏன் கருகுச்சு?"

"படகுக்கு அடியில தண்ணி ஏறுற சல்லடை இருக்கில்ல, அதோட ஓட்டை பூரா பெயிண்ட் அடைச்சிருந்துச்சு. சொட்டுத் தண்ணி உள்ளே போக வழியில்லை. தண்ணி இல்லாம சுத்தினா எந்த ரப்பரும் கருகத்தான் செய்யும். எல்லாத்தையும் சுரண்டி விட்டுட்டேன். இனிமே வேற ரப்பர் மாட்டினா அந்த எஞ்சின் சூடாகாது."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிடுச்சு.

"அப்ப அந்தம்மா சாவுக்குக் காரணம் பெயிண்ட் அடிச்சவன்தானே? சல்லடைன்னு பார்க்காம பூசின அந்த மடையன் யாருன்னு சொல்லுங்க மாமா. சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் படகுக்காரர் முன்னாடி நிறுத்தறேன். யார் அடிச்சது?"

மாமா துணியைக் கீழே வெச்சார்.

"எஞ்சின் நம்மகிட்ட கிடந்தப்ப, பொண்டாட்டி ஆசைப்பட்ட கலர்ல அந்தத் தம்பியேதான் அடிச்சிருக்கு மாப்ளே."