கேட்டு எழுதுங்க

கணக்கெடுப்புக்காகப் பூம்பாறைக்கு வந்திருந்த ஆசிரியர் ஜெபக்குமார், வாசலில் பூண்டு ஆய்ந்துகொண்டிருந்த தங்கவேலுவிடம் பெயரையும் வயதையும் கேட்டார். படிவத்தில் அடுத்த கட்டத்தைக் கேட்காமல் தானே நிரப்பினார்.

"என்னங்க சார் எழுதுறீங்க?"

"பாலினம். ஆண்னு போட்டுட்டேன்."

"நான் சொல்லவே இல்லையே. கேட்டு எழுதுங்க."

தங்கவேலுவின் முறுக்கு மீசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஜெபக்குமார் திக்கித் திணறிக் கேட்டார். "நீங்க ஆணா, பெண்ணா, திருநங்கையா, திருநம்பியா?"

"ஆண்தாங்க."

மனைவி லீலாவும் விடவில்லை. "என்னையும் கேளுங்க சார்" என்று கேட்க வைத்து, "பொம்பளதான்" என்றாள். அடுத்து தங்கவேலுவின் அப்பா. "எழுவத்தெட்டு வருசத்துல இன்னைக்குத்தான் ஒருத்தரு கேக்குறாரு. ஆம்பளன்னே போடுங்க."

சோலியற்றவர்கள் தன்னை வைத்து விளையாடுகிறார்கள் என்று ஜெபக்குமாருக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் இப்போது கேள்வி திக்காமல் வந்தது.

உள்ளேயிருந்து தங்கவேலுவின் தங்கை மயூரி டீயோடு வந்தாள். ஜெபக்குமார் பெயர், வயது கேட்ட கையோடு, தலை நிமிராமல் அதே கேள்வியையும் கேட்டார்.

"திருநங்கைங்க" என்று சொல்லி, டீயைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள் மயூரி.

தங்கவேலு குரலைத் தாழ்த்தினார். "மனசுல வச்சுக்காதீங்க சார். போன தடவ வந்தவரு எங்களையெல்லாம் பாத்தே எழுதிட்டு, அவகிட்ட மட்டும் கேட்டாரு. அன்னைக்குப் பூரா அவ சாப்பிடல."

டீயைக் குடித்து முடித்த ஜெபக்குமார், காலையில் கேட்காமலே எழுதிவிட்டு வந்த வீடுகளை நோக்கித் திரும்ப இறங்கினார்.