காலிப் பொத்தான்

விளம்பரங்களையும் செய்தி வாசிப்புகளையும் வெட்டி ஒட்டிப் புதிய ஒலிச்சித்திரங்கள் செய்வதுதான் பிரான்சிஸும் அவர் மனைவி கிருபாவும் சேர்ந்து பார்த்த வேலை. ஊரார் குரல்களையெல்லாம் சேர்த்து வைத்தார்கள். தன் குரல் எங்காவது நுழைந்துவிட்டால் பிரான்சிஸ் உடனே அழித்துவிடுவார். வாட்ஸ்அப்பில்கூட அவர் பேசி அனுப்பியதில்லை. தொண்டையில் ஆபரேஷன் ஆகி அவருக்குப் பேச்சு போன பிறகுதான், அவர் குரல் எங்குமே பதிவாகவில்லை என்பது கிருபாவுக்கு உறைத்தது.

பொத்தான்கள் வைத்த பெட்டி ஒன்றில் அவர் பழைய ஒலித்துண்டுகளை ஏற்றி, பேசுவதற்குப் பதில் பொத்தானை அழுத்தினார். நகைக்கடை விளம்பரப் பெண் "யாருங்க?" என்பாள். டீத்தூள்காரர் "இன்னொரு டம்ளர்" என்பார். சரவணம்பட்டி வீட்டில் குடித்தனம் அப்படியே நடந்தது. கடைசிப் பொத்தான் மட்டும் காலி.

ஒரு காலை தூசி துடைக்கையில் கிருபாவின் விரல் அதில் பட்டது.

"அம்மணி," என்றது பிரான்சிஸின் குரல்.

கிருபா துணியைக் கீழே வைத்தாள்.

"இத்தன நாளு எங்கீங்க போனீங்க?" என்று கேட்டுவிட்டு மறுபடி அழுத்தினாள்.

"இங்கதான் இருந்தேன். நீ எங்க பேச உட்டே?"

வாசலில் பிரான்சிஸ் காய்கறிப் பையோடு நின்றிருந்தார். உள்ளே வந்து நகைக்கடைப் பெண்ணின் பொத்தானை அழுத்தினார்.

"யாருங்க?"

"உங்க கொரலே உங்களுக்குத் தெரியலீங்களா?" என்றாள் கிருபா.

அவர் உட்கார்ந்து கடைசிப் பொத்தானை அழுத்தினார். சத்தமில்லை. மீண்டும் அழுத்தினார். அவர் முகம் சுருங்கியது. கிருபா அவர் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள்.

"ஏன் நிக்கறே, உக்காரு அம்மணி."

பிரான்சிஸ் நகர்ந்து இடம் விட்டார்.