இரண்டு கட்சிக்கும் சம்மதம்

"அந்தம்மா மனுஷியே இல்ல, கல்லு!" என்றார் செங்கட்சிப் பிரதிநிதி யோம்.

"அதனாலதான் சொல்றேன். நமக்குக் கல்லுதானே வேணும்?" என்றார் நீலக்கட்சி பாங்.

தேர்தல் விவாதக் குழுவின் செயலாளர் தாக் இன்சு நிமிர்ந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து இந்த இருவரும் ஒரு பெயருக்குச் சேர்ந்து தலையாட்டியது இதுதான் முதல் முறை.

மேயர் தேர்தல் நெருங்கிவிட்டது. தொலைக்காட்சி விவாதத்துக்கு நெறியாளர் கிடைத்தபாடில்லை. தாக் ஒரு பெயரைச் சொல்வார், உடனே இருவரில் ஒருவர் வெட்டிவிடுவார்.

"அவன் உங்க வேட்பாளரோட ஒரே பள்ளிக்கூடம்யா."

"இவரு உங்காளோட குலம். ரெண்டு பேருக்கும் குலப்பேரு கிம்."

"இந்த ஊர்ல பாதிப் பேர் கிம்தான்! அத்தனை பேரையும் நாடு கடத்திடலாமா?"

"அந்தப் பேராசிரியரும் வேண்டாம். உங்க வேட்பாளரோட அம்மா செத்தப்போ படத்துக்கு முன்னால ரெண்டு தடவை விழுந்து கும்பிட்டாரு. போட்டோ இருக்கு."

"துக்கத்துக்குப் போறதுகூடத் தப்பா?"

"ஒட்டுறவு இருக்குன்னுதானே அர்த்தம்?"

ஒட்டும் உறவும் இல்லாத ஆளுக்கு இந்தச் சின்னக் கொரியத் துறைமுக ஊரில் எங்கே போவது? அலுத்துப்போய் தாக் கடைசியாகச் சொன்ன பெயர்தான் மின் சோன்யே.

சோன்யேயின் கதை ஊருக்கே தெரியும். முன்பொரு தேர்தலில் அவர்தான் நெறியாளர். விவாதத்தன்று விடியற்காலையில் அவருடைய ஒரே மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான். ஆஸ்பத்திரியின் துக்கக் கூடத்தில் மகன் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களை வணங்க வேண்டியவள் தாய். சோன்யேயோ கூடத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, சாயங்காலம் கறுப்பு உடையோடு ஸ்டூடியோவுக்கு வந்து நின்றார். மாற்று ஆள் தயாராக இருந்தும் நாற்காலியை விட்டுக்கொடுக்கவில்லை. விவாதம் முடியும்வரை குரல் நடுங்கவில்லை, எந்த வேட்பாளருக்கும் ஒரு நொடிகூட அதிகம் கொடுக்கவில்லை.

ஊர் முதலில் வாயைப் பிளந்தது. பிறகு கரித்துக் கொட்டியது. "பெத்த பிள்ளையைவிட கேமரா பெருசாப் போச்சு பாரு!" கொஞ்ச நாளில் சோன்யே வேலையை விட்டார். அதன்பிறகு அவரைக் கல்யாணம், காரியம் எதிலும் யாரும் பார்த்ததில்லை.

"அவங்க பேரை எழுதிக்குங்க. மனசுன்னு ஒண்ணு இருந்தாத்தானே பட்சபாதம் வரும்?" என்று பாங் சிரித்தார். தாக்குக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதிக்கொண்டார்.

அன்று மத்தியானமே சோன்யேயின் வீட்டுக்குப் போனார், வெறுங்கையோடு. நெறியாளருக்குப் பழப்பெட்டிகூடக் கொடுக்கக் கூடாது என்பது அவரே எழுதிய விதி.

சோன்யே பார்லி டீ ஊற்றி வைத்தார். விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

"நான் வரல, தாக் சார்."

"ரெண்டு கட்சியும் ஒத்துக்கிட்ட ஒரே ஆள் நீங்கதான் மேடம். நாளைக்குள்ள பேர் கொடுக்கலைன்னா விவாதமே கிடையாது. ஜனங்க போஸ்டரைப் பாத்து ஓட்டுப் போட வேண்டியதுதான்."

"வேற யாரையாவது பாருங்க."

"யாரு இருக்கா? ஒவ்வொருத்தருக்கும் யாரோ ஒருத்தர் வேண்டப்பட்டவங்க. உங்க உறுதி யாருக்கு வரும்? ஊர் ஆயிரம் பேசட்டும் மேடம். அன்னைக்கு மகன் படத்துகிட்ட உட்கார வேண்டிய நேரத்துல கடமைதான் பெருசுன்னு வந்தீங்க. நான் எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"கடமையா?" சோன்யே கோப்பையைக் கீழே வைத்தார். "என் பேரை அறிவிச்ச அன்னைக்கு நீங்க ஒரு உத்தரவு போட்டீங்களே, ஞாபகம் இருக்கா? விவாதம் முடியுற வரைக்கும் ரெண்டு கட்சி ஆளுங்களும், டிவி நிலையத்து ஆளுங்களும் என்கிட்ட வரவோ பேசவோ கூடாதுன்னு."

"இல்லாமப் போகுமா? அது இல்லைன்னா யாரு மேடம் நம்மளை நம்புவாங்க?" தாக்கின் குரலில் பெருமைகூட இருந்தது.

"நல்ல உத்தரவுதான். எல்லாரும் அப்படியே கடைப்பிடிச்சாங்க."

சோன்யே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இந்த ஊர்ல எனக்குப் பழக்கம்னு இருந்தவங்க எல்லாரும் அந்த உத்தரவுக்குள்ள அடங்கிட்டாங்க சார். சொந்தக்காரங்களும் அவன் சிநேகிதங்களும் சியோல்லருந்து மறுநாள்தான் வர முடிஞ்சது. கூடத்துக்காரங்க வர்றவங்களுக்காகப் பெரிய அண்டா நிறைய மாட்டிறைச்சிச் சூப்பு காய்ச்சி வெச்சிருந்தாங்க. ஒரு கிண்ணம்கூட எடுக்கல. வாசல்ல என் செருப்பு மட்டும்தான் கிடந்துச்சு."

அன்று தாக்கும் கறுப்பு டை கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல்வரை போனவர்தான். விதியை எழுதியவனே மீறலாமா என்று திரும்பி வந்துவிட்டார். அதை நேர்மை என்று நினைத்திருந்தார். இப்போது அந்த வார்த்தையை நினைக்கவே கூசியது.

"மேடம், நான்..." என்று ஆரம்பித்தார்.

"உங்களைக் குத்தம் சொல்லல. பிள்ளை படமும் நானுமா வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். சாயங்காலத்துக்கு மேல தாங்க முடியல," என்றார் சோன்யே. "ஸ்டூடியோவுக்குப் போனா நாலு மனுஷங்க முகத்தையாவது பாக்கலாம்னுதான் சார் வந்தேன்."